கார்டின் குணம் மாற்றுகிறவர்

மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டுத்தான் மீரா முகைதீன் கம்ப்யூட்டர் கார்டில் கை வைப்பார். "ஹலோ, தக்கலை மீரா முகைதீனாக்கும். இப்பம் கரண்ட எடுப்பியளா? எடுக்க மாட்டியளே? ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்கிடணும், கேட்டியளா. இங்க ஒரு உயிரு மேசைல கெடக்கு." முதல் தடவை இதைக் கேட்ட மின்வாரியத்துக்காரர் பதறிப்போய் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தாராம். இப்போது அவர்களுக்கும் பழகிவிட்டது. "நடத்தும் பாய்" என்று சொல்லிப் போனை வைக்கிறார்கள். மேசைக்கு அடியில் தடித்த பேட்டரியோடு யு.பி.எஸ். ஒன்று இருப்பதையும், கரண்ட் போனாலும் அது சாயங்காலம்வரை தாங்கும் என்பதையும் நான் ஒருமுறை நினைவூட்டினேன். "பேட்டரிய நம்பலாம் சாரே. ஆனா ஆபீசுக்குன்னு ஒரு மரியாத வேண்டாமா?" என்றார்.

போன் முடிந்ததும் சர்வரிலிருந்து ஹார்டு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உருவித் துவாலையில் படுக்க வைப்பார். பிஸ்மி சொல்வார். போட்டிருக்கும் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டுவார். பிறகு நாலு வரி ஆங்கிலத்தைத் தட்டிவிட்டு, என்டர் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். அந்த நேரம் பார்த்து யாராவது உள்ளே வந்து போன் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டால் தொலைந்தார்கள். பழைய எழுத்தை அழித்துப் புதியதை எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கார்டு மறுபடி எழுந்திருக்காது. "செங்கலாயிரும்" என்பார். அப்படிச் செங்கலான சில கார்டுகளை ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். திருஷ்டிக்கா என்று கேட்டேன். இல்லை, வாடிக்கையாளர்கள் பயப்படுவதற்காம்.

கார்டு என்றால் விரித்த உள்ளங்கை அளவுள்ள ஒரு பச்சைத் தகடு. சர்வர் என்று சொல்லப்படும் பெரிய கம்ப்யூட்டரில் எட்டுப் பத்து டிஸ்க்குகள் இருக்கும். அவை நேராக சர்வரோடு பேசுவதில்லை, இந்தக் கார்டு வழியாகத்தான் பேசும். கார்டுக்குள் எழுதப்பட்டிருக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதை மாற்றி எழுதினால் அதே கார்டு வேறு குணத்தோடு எழுந்திருக்கும். இந்தக் குணமாற்று வைத்தியத்தைத் தக்கலையில் செய்கிற ஒரே ஆள் தான்தான் என்று மீரா முகைதீன் சொல்லிக்கொள்கிறார். வேறு யாருக்கும் இது தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

கடைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், பென் டிரைவ் வாங்க வந்தவராக இருந்தாலும், இந்தப் பாடத்தைக் கேட்காமல் வெளியே போக முடியாது. "கேட்டியளா, கார்டுக்கு ரெண்டு கொணம். ஒண்ணு ரெய்டு மோடு. அது வீட்டுல வலிய மாமா மாதிரி. எட்டு டிஸ்க்கையும் கூட்டிக் கெட்டி உள்ள இருத்திட்டு, வாசல்ல இவரு நிப்பாரு. சர்வரு வந்து, வீட்டுல ஆரெல்லாம் உண்டுன்னு கேட்டா, ஒரே ஒரு ஆளாக்கும், நல்ல தடியான ஆளு, சுகமா இரிக்காருன்னு சொல்லிருவாரு. உள்ள ஒருத்தனுக்குக் காய்ச்சலு, ஒருத்தன் கிறுகிறுத்துக் கெடக்கான். அது ஒண்ணும் வெளிய வராது. மத்தது ஐ.டி. மோடு. அதுல கார்டு வெறும் நடைவாசலு, அம்புடுதான். டிஸ்க்கு நேரா வந்து, எனக்கு இத்தன டிகிரி சூடு, எனக்க ஒடம்புல இத்தன எடத்துல புண்ணுன்னு சர்வருக்க மொகத்தப் பாத்துச் சொல்லும். இனி நீங்க சொல்லுங்க, எது சத்தியம்?"

ஐ.டி. மோடுதான் சத்தியம் என்று நாம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பாடம் முதலிலிருந்து தொடங்கும்.

ஆளுக்கு அறுபதை ஒட்டிய வயது. வெள்ளைச் சாரம், அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர். வெகுகாலம் தோஹாவில் ஒரு டேட்டா சென்டரில் இருந்தார். அங்கே என்னவாக இருந்தார் என்பது நாளுக்கு நாள் மாறும். திங்கட்கிழமை கேட்டால் எஞ்சினியருக்குத் துணை, வெள்ளிக்கிழமை கேட்டால் எஞ்சினியர். தரைக்கு அடியில் தவழ்ந்து கேபிள் இழுத்ததாக ஒரே ஒரு தடவை, முட்டுவலி வந்த அன்று, சொன்னார். எது எப்படியோ, ஊர் திரும்பியதும் இரணியல் போகிற ரோட்டில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாகக் கட்டிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. திருவனந்தபுரத்துக் கம்பெனிகள் கழித்துப்போடும் சர்வர்கள் களியக்காவிளை வியாபாரி ஒருவர் மூலம் இவருக்கு வந்து சேர்கின்றன. கோழி லாரிக்கும் வாழைத்தார் லாரிக்கும் நடுவில் எல்லை தாண்டி வருவதால் சிலவற்றில் இறகு ஒட்டியிருக்கும்.

என் மடிக்கணினியும் அங்கேதான் படுத்திருக்கிறது. அதை விசாரிக்கப் போகிற சாக்கில்தான் இந்த மனிதரைத் தினமும் பார்க்கிறேன். "சுகமாயிட்டு வருகு சாரே" என்கிறார். உள்ளே என்ன போயிருக்கிறது என்று கேட்டால், "நீங்க எதுக்கு அத நெனச்சு மனசக் கெடுக்கிய?" என்று டீ சொல்லிவிடுகிறார்.

சத்திய மோடை அவர் பரப்பிய விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே ஒரு டிஸ்க் வைத்திருந்த மருந்துக்கடைக்காரருக்கு ஐ.டி. மோடு போட்டுக்கொடுத்தார். அவருக்குக் கார்டே தேவையில்லை. சர்ச் ஆபீஸ் ஒன்றில், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார் கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியாமல் கூப்பிட்டிருந்தார். ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு, ஆன் செய்யாமலே திரும்பிவந்தார். அவர் பேச்சுக்கு மசியாத ஒரே ஆள் இரணியலில் கல்யாண ஸ்டூடியோ நடத்தும் கிளாரா. "அண்ணே, எனக்கு எட்டு டிஸ்க்குக்க சீக்கும் நோவும் கேக்க நேரமில்ல. ஒண்ணாக் கெட்டி ஒரே பெட்டியாத் தாங்க. ஒண்ணு செத்தா மத்தது தாங்குமில்லா, அது போரும்" என்று சொல்லி ரெய்டு மோடே வாங்கிக்கொண்டார். மீரா முகைதீனுக்கு அது பெரிய தோல்வி. கார்டை எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைப் பிடிக்காத இடத்தில் கட்டிக்கொடுத்தவர் போல ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இனி மனிதரின் மறுபக்கம். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு ஆள் வளைகுடாவில் இருக்கிறது. அங்கே போகிற சேதிக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. செத்தவரைக் கொஞ்சம் சீரியஸ் என்பார்கள். சீரியஸாக இருப்பவருக்கு லேசான காய்ச்சல். காய்ச்சல்காரர் பரம சுகம். அங்கிருந்து வருகிற சேதிக்கும் அதே கதைதான். மீரா முகைதீன் தோஹாவில் இருக்கும்போது அவருடைய வாப்பா மவுத்தானார். "கால் தடுக்கி விழுந்துட்டாரு, லீவு கெடச்சா வந்து பாரு" என்றுதான் சொன்னார்கள். ஏர்போர்ட்டில் அழைக்க வந்த மச்சானின் முகத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "எதுக்குக் கோபம்? நல்ல காரியமாக்கும் செஞ்சாவ. பிளைட்டுல நாலு மணிக்கூறு நிம்மதியா பிரியாணி தின்னேன்லா" என்றார். சொல்லிவிட்டு டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே துடைத்த டிஸ்க்.

இப்போது அவர் வீட்டில் நடப்பதைச் சொன்னால் உங்களுக்கும் என்னைப்போலவே பற்றிக்கொண்டு வரும். அவருடைய மனைவி நூர்ஜஹான் பேகத்துக்கு இருதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு. வருகிற திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். ஒரே மகன் ஷமீர் சார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். நோன்புக்கு முன்பிருந்தே வேலை இல்லாமல் கூட்டுக்காரன் அறையில் ஓசிக் கட்டிலில் கிடக்கிறான். அதை வாப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். வாப்பா அதை உம்மாவிடம் கொண்டுசேர்த்தது இப்படி: "நம்ம ஷமீர வலிய ஆபீசுக்கு மாத்திட்டாவ நூரு. பயங்கரச் சோலி. மூச்சு விட நேரமில்ல." உம்மாவின் இருதயம் மகனிடம் போய்ச் சேர்ந்தது இப்படி: "ஒண்ணுமில்ல மக்கா, கேஸு. இஞ்சிச் சாறு குடிச்சா செரியாவும்."

நெஞ்சைத் திறக்கும் முன்னால் மகனை ஒரு தடவை பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாய்க்கு ஆசை. ஆனால் பெரிய ஆபீசில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வேலையைக் கெடுப்பானேன் என்று, "அவன்ட்ட சொல்லாண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டார். மகனுக்கோ ஊருக்கு வந்துவிட ஆசை. வேலை போன முகத்தோடு சுகமாக இருக்கிற உம்மா முன்னால் எப்படி வந்து நிற்பது என்று அங்கேயே கிடக்கிறான். யாராவது ஒருத்தர் உள்ளதைச் சொன்னால் போதும், மகன் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். நடுவில் இவர் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் சுகம் சுகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தாயும் மகனும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். நூர்ஜஹான் பேகத்துக்குத் தனி போன் உண்டு. டாக்டர் தேதி குறித்த மறுநாள் அதில் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று சொல்லி, ரிப்பேருக்காக இவரே வாங்கி வந்தார். அது என் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வயிறு திறந்து கிடக்கிறது. அதுவும் சுகமாயிட்டு வருகிறதாம்.

தினமும் சாயங்காலம் அஸர் பாங்கு முடிந்ததும் ஷமீர் இவருடைய போனில் கூப்பிடுவான். கை வேலையாக இருப்பதால் ஸ்பீக்கரில் போடுவார். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"உம்மா எங்க வாப்பா?"

"அடுக்களைல மக்கா. கோழி பொரிக்கா."

அந்த அம்மா மாத்திரை போட்டுவிட்டு உள்ளே படுத்திருப்பார். கோழியை அவர் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆகிறது. இவர் போனைச் சட்டைப் பையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நடுக்கதவை லேசாகத் திறந்து, "ஏட்டி நூரு, ஷமீரு சலாம் சொல்லுகான். மீட்டிங்குல இரிக்கானாம்" என்பார். உள்ளிருந்து, "சாப்பிட்டானான்னு கேளுங்க" என்று குரல் வரும். போனை வெளியே எடுத்து, "உம்மா ஒனக்குப் பொரிச்சது வைக்கட்டான்னு கேக்கா, தமாசு" என்று இவரே சிரிப்பார். அந்தப் பக்கம் பையனும் சிரிப்பான். வேலையில்லாத பையன் சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்க முடியவில்லை.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "பாய், ஊருக்கெல்லாம் ஐ.டி. மோடு. வீட்டுக்கு மட்டும் எந்த மோடு வச்சிருக்கீரு?"

அவர் கோபப்படவில்லை. மேல் கண்ணாடியைக் கழற்றினார். "சாரே, டிஸ்க்கு இரும்பாக்கும். எத்தன புண்ணு இருக்குன்னு அதுக்க மொகத்துக்கு நேரே சொல்லலாம். எனக்க பெண்டாட்டிக்க இருதயம் இப்பமே மூணு எடத்துல அடச்சுக் கெடக்கு. நாலாமத்த அடைப்ப நான் எனக்க வாயால குடுக்கவா? பயலுக்கு ஒரு வேல ஆவட்டும். பொறவு எல்லாத்தையும் பையச் சொல்லலாம்."

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. பயந்துபோயிருந்தார். டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். திங்கட்கிழமை வந்துகொண்டே இருந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை கிளாரா வந்தார். ஆட்டோவில், மடியில் சர்வரை வைத்துக்கொண்டு, பின்னால் முடிந்த முடி பாதி அவிழ்ந்து. ஆவணி முகூர்த்தங்களில் எடுத்த கல்யாணங்கள் அத்தனையும் அந்தப் பெட்டியில்தான். தோவாளையிலிருந்து விடியற்காலையில் மாலை வந்து இறங்குவதிலிருந்து, சாயங்காலம் மாப்பிள்ளையின் கூட்டுக்காரர்கள் ஆடியதுவரை எல்லாம். கேமராவிலிருந்து பெட்டிக்கு மாற்றியதும் கேமராவில் இருந்ததை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். காலையில் ஆன் செய்தால் பெட்டியில் ஒன்றுமே இல்லை என்கிறது சர்வர்.

"அண்ணே, சனியாழ்ச்ச ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. நான் என்னத்தக் காட்டுவேன்? எனக்கு இதுல ஒருத்தனும் ரெண்டாவது கல்யாணம் பண்ண மாட்டான் அண்ணே, மறுபடி எடுக்க!"

மீரா முகைதீன் பெட்டியைத் திறந்து, திரையில் எதையோ பார்த்தார். இரண்டு டிஸ்க்குகள் போயிருந்தன. ஒன்று போனால் மற்றவை சுமந்துகொள்ளும், இரண்டு போனால் எல்லாம் போச்சு என்கிற ஏற்பாடு அது. பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியபடி பாடத்தைத் தொடங்கினார் மனிதர். "நான் அப்பமே சொன்னேன். ரெய்டு மோடு வேண்டாம், உள்ள நோவ அது வெளிய விடாதுன்னு. பாத்தியா? கார்டு பொய் சொல்லிட்டு."

கிளாரா பெட்டியை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"பொய்யா? அது கத்திச்சே அண்ணே! ஆவணி தொடக்கத்துலேயே கீ கீன்னு நாலு வீட்டுக்குக் கேக்கக் கத்திச்சு. ஆல்பம் பாக்க வந்தவங்க காதப் பொத்திட்டு இருந்தாங்க. நான் ஒங்களத்தானே கூப்பிட்டேன்? நீங்க வந்து எதையோ தட்டி அதுக்க வாய அடச்சிட்டு, ஒண்ணுமில்ல தங்கச்சி, சூடு, ஏ.சி.யக் கூட்டி வைன்னு சொல்லிட்டுப் போனிய!"

எனக்கு இது புதுச் செய்தி. டிஸ்க் ஒன்று செத்தால் இந்த வகைக் கார்டு தானே ஓலமிடும். அந்த ஓலத்தை நிறுத்த ஒரு கட்டளையும் உண்டு. செத்ததைக் கழற்றிப் புதிய டிஸ்க் போடும்வரை காது பிழைப்பதற்காக வைத்திருக்கும் வசதி அது. இவர் ஓலத்தை நிறுத்தினார். புதிய டிஸ்க் போடவில்லை. செத்துவிட்டது என்பதையும் சொல்லவில்லை.

"டிஸ்க்கு செத்துட்டுன்னு அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல்ல?"

"கல்யாண சீசனாக்கும்... நீ ஒத்தைக்குக் கெடந்து ஓடுக. கேட்டா வெப்ராளப்படுவியேன்னு. ஆவணி முடியட்டும், களியக்காவிளைல இருந்து ஒரு டிஸ்க்கு வரட்டும், பொறவு பையச் சொல்லலாம்னு..."

"எனக்க வெப்ராளத்த நான் பட்டுக்கிடுவேன் அண்ணே! அது எனக்குள்ளதாக்கும். அத நீங்க எதுக்கு எடுத்து வச்சிருக்கிய? அன்னைக்குச் சொல்லியிருந்தா அரைநாள் அழுது கரஞ்சிருப்பேன். சாயங்காலம் நாரோயில் போய் ஒரு டிஸ்க்கு வாங்கிப் போட்டிருப்பேன். இந்தக் கார்டு ஒங்களவிட யோக்கியன். அதுக்குத் தெரிஞ்சத அது கத்திச் சொல்லிச்சு."

ரெய்டு மோடைப் பொய்யன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் திறந்தபடி நின்றது. அவருக்காகப் பரிதாபப்படலாமா என்று யோசித்தேன். பட மனம் வரவில்லை.

மீரா முகைதீன் துவாலையை விரித்து இரண்டு டிஸ்க்குகளையும் உருவி வைத்தார். ஒன்றைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார். மற்றதை வேறொரு பெட்டியில் செருகி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"ஒண்ணு ஒறப்பா செத்துட்டு. மத்தது மூச்சு இழுத்துக்கிட்டு கெடக்கு. பைய எழுப்பிப் பாக்கலாம். ஆனா எல்லாம் கெடைக்காது கிளாரா. ஒரு கல்யாணம் போயிரும், ரெண்டும் போலாம். ஆருக்கதுன்னு இப்பம் சொல்ல முடியாது. தப்பு எனக்கதாக்கும்."

கிளாரா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடி அழுதார். விம்மி விம்மித்தான் அழுதார். மீரா முகைதீன் என்னைப் பார்த்தார், தண்ணீர்க் குப்பியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தேற்ற அவர் நாக்கு துடித்தது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

சிறிது நேரத்தில் கிளாரா முகத்தைத் துடைத்தார். முடியை அவிழ்த்து இறுக்கி முடிந்தார். "செரி. போனது போட்டு. கெடைக்கிறத எடுங்க. எந்த வீடுன்னு தெரிஞ்சதும் நானே போய்ச் சொல்லுகேன். ஏசுவாங்க, ஏசட்டும். மண்டபத்துல ஆளாளுக்கு மொபைல்ல எடுத்திருப்பாங்க, அதயெல்லாம் கேட்டு வாங்கி ஒப்பேத்துவேன். நீங்க மொதல்ல அந்த மூச்சு இழுக்கிறத எழுப்புங்க." பிறகு, "டீ சொல்லுங்க அண்ணே, காலைல இருந்து ஒண்ணும் குடிக்கல்ல" என்றார்.

கெட்ட சேதியைக் கேட்ட மனுஷி டீ கேட்டதை மீரா முகைதீன் ஒரு அதிசயத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுக்கதவு திறந்திருந்ததை அப்போதுதான் நாங்கள் மூவரும் கவனித்தோம். நூர்ஜஹான் பேகம் கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எப்போது எழுந்து வந்தாரோ தெரியாது. கிளாராவின் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும், கதவுக்குப் பின்னால் கேட்காதா? வெளிறிய முகம். தலையில் துப்பட்டா ஒழுங்காகப் போட்டிருந்தார். கணவரைத் தவிர அவர் யாரையும் பார்க்கவில்லை.

"ஷமீருக்கு என்ன?" என்று கேட்டார்.

"அவனுக்கு என்ன, சுக..." என்று தொடங்கிய மீரா முகைதீன், கிளாராவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"என்னன்னு கேட்டேன்."

பள்ளிவாசலில் அஸர் பாங்கு முடிந்தது. மேசை மேல் இருந்த போன் அடித்தது. திரையில் ஷமீரின் படம், தொப்பி போட்டுச் சிரித்தபடி. அவர் விரல் பழக்கத்தில் ஸ்பீக்கர் பக்கம் போனது. போன விரலை மடக்கிக்கொண்டார். போனைக் காதில் வைத்து, "மக்கா, உம்மாக்கிட்ட குடுக்கேன்" என்று மட்டும் சொன்னார். "உம்மா கோழி பொரிக்கல்லியா வாப்பா?" என்று பையன் கேட்டது என்வரைக்கும் கேட்டது. அவர் இரண்டு கையாலும் போனை மனைவியிடம் நீட்டினார்.

நூர்ஜஹான் பேகம் வாங்கிக் காதோடு சேர்த்துக்கொண்டார். "ஷமீரே, உம்மாவாக்கும். நீ எதோ மறச்சு வச்சிருக்க. நானும் ஒண்ணு வச்சிருக்கேன் மக்கா. நீ மொதல்ல சொல்லுகியா, நான் சொல்லட்டா?" பேசிக்கொண்டே உள்ளே திரும்பினார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்க் கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்டது.

மீரா முகைதீன் கதவைச் சாத்தினார். சாத்திய கதவு மெலிசுப் பலகை. "என்ன, மூடியே போயிட்டா?" என்று அந்தத் தாயின் குரல் தெளிவாகக் கேட்டது. கிளாராவும் நானும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் கதவடியிலேயே நின்றார். கழுத்து தானாகப் பலகைப் பக்கம் சாய்ந்தது. உதடுகள் அசைந்தன, இரண்டு பக்கத்துக்கும் எதையோ எடுத்துக்கொடுப்பதுபோல. உள்ளே அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் எழுந்தது. அவர் கை கதவின் குமிழுக்குப் போய், அதைத் தொட்டு, திரும்பி வந்தது.

கடையின் கீழ்த்தட்டில் இரும்புப் பெட்டியாக ஒரு பழைய சர்வர் கிடந்தது. ஆன் செய்தால் அதன் விசிறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் சுழலும், பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் அதற்காகவே சண்டைக்கு வந்திருக்கிறார். மீரா முகைதீன் கதவை விட்டு இறங்கி வந்தார். சாரத்தை மடக்கிக்கொண்டு தரையில் குந்தினார். பிளக்கைச் செருகி, அந்தச் சர்வரின் பொத்தானை அழுத்தினார்.